புதுக்கோட்டையிலிருந்து புத்தகக் கோட்டைக்கு

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்றொரு குகைத்தளம் இருக்கிறது. பாறையில் வெட்டிய படிக்குழிகளில் கால் வைத்து, பக்கவாட்டில் நகர்ந்துதான் அதை அடைய முடியும். உள்ளே சமண முனிவர்கள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் வழவழப்பாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றின் வயது இரண்டாயிரம் ஆண்டு எனலாம். அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு ஒன்று பாறைச் சரிவில் பெரும் பலகைபோல் விரிந்து கிடக்கிறது.

இந்த எழுத்துகளுக்கு ஒரு குணம் உண்டு. அவை அழியா, ஆனால் நகரவும் மாட்டா. படிக்க விரும்புகிறவர்தாம் வெயிலில் குன்றேறி அவற்றிடம் செல்லவேண்டும். எழுத்து இருக்கும் இடத்துக்கு மனிதன் போவதா, மனிதன் இருக்கும் இடத்துக்கு எழுத்து வருவதா? நூலகங்களின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம்.

பழைய புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்து, 1929 இல் ஒரு நூலாக அச்சிட்டது. கல் புத்தகமாயிற்று. குன்றேற முடியாதவரும் அவற்றைப் படிக்க வழி பிறந்தது. ஆனால் அத்தகைய அரிய நூல்கள் எங்கே கிடைக்கும்? ஒரு மாணவனுக்குத் தன் ஊர்க் கோயில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய ஆவல் பிறந்தால், அவன் பல வேளைகளில் ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குச் செல்ல நேரிடுகிறது. சென்னையில் அப்படிச் செல்வோர் பலரும் முதலில் தேடும் இடம் கன்னிமாரா பொது நூலகம். நாமும் அங்கே செல்வோம்.

பெயரும் பிறப்பும்

எழும்பூர் இரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்து செல்லும் தொலைவில் பாந்தியன் சாலை. அங்கே அரசு அருங்காட்சியக வளாகத்துக்குள்ளேயே நூலகமும் அமைந்திருக்கிறது. கன்னிமாரா என்ற பெயரைக் கேட்டதும் நம் ஊர் ஏரிக்கரையில் இருக்கும் கன்னிமார் தெய்வங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால் அதற்கும் இதற்கும் உறவில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர் அது. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த இராபர்ட் பூர்க், கன்னிமாரா பிரபு என்ற பட்டம் பெற்றவர். 1890 மார்ச் 22 அன்று இந்த நூலகத்துக்கு அடிக்கல் நாட்டியவர் அவரே.

ஆயினும் நூலகத்தின் வித்து அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊன்றப்பட்டது. இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்னுமிடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கல்லூரி நடத்திவந்தது. இந்தியாவை ஆள வரும் இளைஞர்களுக்கு அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது. மக்கள் தொகைப் பெருக்கம் பற்றிய கோட்பாட்டால் பெயர்பெற்ற மால்தஸ் அங்கே ஆசிரியராயிருந்தார். கம்பெனி ஆட்சியின் முடிவை ஒட்டி அக்கல்லூரியும் மூடப்பட்டது. அங்கே மிகுந்துபோன நூல்களில் ஒரு பகுதி கப்பலேறி, 1861 வாக்கில் சென்னை அரசுக்கு வந்து சேர்ந்தது. அரசு அவற்றை அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தது. அப்போது அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவர் கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல். பாடம் செய்த விலங்குகளுக்கும் பாறைத் துண்டுகளுக்கும் நடுவே அந்த நூல்களுக்கு அவர் இடம் கொடுத்தார். மேலும் நூல்கள் வாங்க அரசிடம் பணமும் கேட்டுப் பெற்றார்.

ஆள்வோரைப் பயிற்றுவிக்கச் சேர்த்த நூல்கள் ஆளப்படுவோரின் நகருக்கு வந்து, நாளடைவில் அவர்களுடைய சொத்தாகவே ஆகிவிட்டன. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

நூல்கள் பெருகவே தனிக் கட்டடம் தேவைப்பட்டது. வரைபடம் தீட்டியவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றத்திலும் மைசூர் அரண்மனையிலும் இவருடைய கைவண்ணத்தைக் காணலாம். 1896 டிசம்பர் 5 அன்று, அப்போதைய ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் நூலகத்தைத் திறந்து வைத்தார். பழைய கட்டடத்தின் பெரிய கூடம் இன்றும் நிற்கிறது. உயர்ந்த வளைவுக் கூரை, அதில் இலைகளும் பூக்களுமாகச் சுதை வேலைப்பாடு, வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், தேக்கு அலமாரிகள். மேலிருந்து இறங்கும் மெல்லிய வெளிச்சத்தில் நின்றால், குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று நம் மனமே சொல்லும். 1970களில் இதனருகே எழுந்த புதிய கட்டடத்தில்தான் பெரும்பாலான அன்றாடப் பணிகள் நடைபெறுகின்றன.

கதவு திறந்த கதை

அழகிய கூடம் இருந்தால் மட்டும் போதுமா? யார் உள்ளே வரலாம், யார் எடுத்துப் படிக்கலாம் என்பதன்றோ கேள்வி. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். சங்கிலி போன பிறகும் பூட்டுப் போகவில்லை. நூல் என்பது காக்கப்பட வேண்டிய பொருள், வாசகன் என்பவன் ஐயத்துக்குரிய ஆள் என்ற எண்ணம் உலகெங்கும் நெடுங்காலம் நீடித்தது.

இந்த எண்ணத்தை நம் நாட்டில் அசைத்தவர் ஒரு கணித ஆசிரியர். சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்டார். வகுப்பறையில் மாணவர் நடுவே பழகியவருக்கு ஆளரவமற்ற நூலகம் பிடிக்கவில்லை. மீண்டும் கல்லூரிக்கே போய்விட நினைத்தார். முதலில் இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வரும்படி அவரிடம் கூறினார்கள். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளரும் பெண்களும் சிறுவர்களும் தாமே அலமாரியிலிருந்து நூலை எடுத்துச் செல்வதைக் கண்டார். நூலகர் என்பவர் காவல்காரர் அல்லர், வழிகாட்டி என்ற உண்மை அவருக்கு விளங்கியது.

1925 இல் திரும்பிவந்த அரங்கநாதன் பல்கலைக்கழக நூலகத்தில் திறந்த அலமாரி முறையைக் கொண்டுவந்தார். 1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931 இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். அவற்றின் சாரம் இதுதான்: நூல்கள் பயன்படுவதற்கே உரியவை, ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகர் உண்டு, வாசகரின் காலத்தை வீணாக்கக் கூடாது, நூலகம் வளரும் உயிரி. கேட்பதற்கு எளியவையாகத் தோன்றும். ஆனால் முதல் விதியை உண்மையாகவே நடைமுறைப்படுத்தினால் எத்தனை பூட்டுகள் திறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அதே 1931 ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடிக்கு அருகே மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. அதில் இருந்தவை நெல் மூட்டைகள் அல்ல, புத்தகங்கள். பொறியாளர் கனகசபைப் பிள்ளை உருவாக்கிய நடமாடும் நூலகம் அது. ஊர் ஊராகச் சென்று அது நூல்களை வழங்கியது. எழுத்து மனிதனைத் தேடிவந்த காட்சியை நம் வயல்வெளிச் சாலைகள் அன்று கண்டன.

ஒரு பொம்மைக் கடையும் நூலக அடுக்கும்

கன்னிமாராவின் நூல் எண்ணிக்கை இலட்சக் கணக்கில் விரிவது. அத்தனை நூல்களுக்கிடையே ஒரு நூலை எப்படிச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கிறார்கள்? இதில் ஓர் அறிவியல் இருக்கிறது.

நூல்களை உயரப்படி அடுக்கலாம், வாங்கிய நாள்படி அடுக்கலாம், ஆசிரியர் பெயர்ப்படியும் அடுக்கலாம். ஆனால் ஒரே பொருள் பற்றிய நூல்கள் அப்போது சிதறிப் போகும். ஆகவே பொருள்படி அடுக்குவதே சிறந்தது. 1876 இல் அமெரிக்கர் மெல்வில் டூயி அறிவுத் துறைகளைப் பத்துப் பெரும் பிரிவுகளாகப் பிரித்து எண் கொடுத்தார். 500 என்றால் அறிவியல், 510 கணிதம், 520 வானியல், 530 இயற்பியல், 540 வேதியியல். எண்ணுக்குப் பின் புள்ளி வைத்து மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போகலாம். எளிய முறைதான். ஆனால் மேற்கு நாட்டின் கண்ணோட்டத்தில் எழுந்த முறை அது. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற முழு எண் கிடைக்க, ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியம் 894.811 என்ற ஒரு மூலையில் நிற்க வேண்டியதாயிற்று.

டூயியின் முறை ஒரு பெரிய மரத்தைப் போன்றது. எல்லாக் கிளைகளையும் முன்கூட்டியே வரைந்துவிட வேண்டும். நாளை ஒரு புதிய துறை தோன்றினால் அதற்கு எங்கே கிளை ஒட்டுவது?

இலண்டனில் ஒரு பெரிய கடையில் அரங்கநாதன் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளையிட்ட சில பட்டைகள், சக்கரங்கள், திருகுகள். அவற்றையே மாற்றி மாற்றி இணைத்து விற்பனையாளர் வெவ்வேறு பொம்மைகளைச் செய்து காட்டினார். துண்டுகள் சில, பொம்மைகளோ பல! நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து இணைக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதன் விளைவுதான் 1933 இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘புதுக்கோட்டை மாவட்டத்தில் 1970களில் நிலக்கடலைப் பயிரைத் தாக்கிய நோய்கள்’ என்று ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். இதில் துறை வேளாண்மை, பயிர் நிலக்கடலை, சிக்கல் நோய், இடம் புதுக்கோட்டை, காலம் 1970கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. அவற்றை நிறுத்தற் குறிகளால் கோத்தால் நூலுக்கு முழு முகவரி கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் முக்காற்புள்ளியைக் கோலன் என்பார்கள். தொடக்கத்தில் அந்தக் குறியே இணைப்பாகப் பயன்பட்டதால் முறைக்கும் அப்பெயர் அமைந்தது. முதன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைகளில் எந்தத் தலைப்பையும் அலசலாம் என்று அவர் பின்னர் விளக்கினார். இன்று கணிப்பொறியில் பொருள்களைத் தேடும்போது விலை, நிறம், அளவு, இடம் என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து வடிகட்டுகிறோம் அல்லவா? அதற்கும் அடிப்படை இவ்வகைச் சிந்தனையே.

சட்டமும் வரியும்

தனிமனிதரின் ஆர்வம் மட்டும் ஒரு நாட்டுக்கு நூலகங்களைத் தந்துவிடாது. விடுதலைக்குப் பின், டி. எஸ். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் உருவாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டத்தை இயற்றிய முதல் மாகாணம் சென்னைதான். அதே 1948 இல் மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்து, சென்னை மாகாணத்தின் பகுதியாயிற்று. ஆகவே இச்சட்டத்தின் பயன் நம் ஊருக்கும் கிட்டியது.

இச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரி செலுத்தும்போது கிடைக்கும் இரசீதைச் சற்று உற்றுப் பாருங்கள். வரியுடன் சேர்ந்து நூலக வரி என்று ஒரு சிறு தொகை வசூலிக்கப்பட்டிருக்கும். இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. ஒரு கூரை வீட்டுக்காரரின் காசும் அதில் இருக்கிறது. எனவே பொது நூலகத்தில் நுழையும் எவரும் விருந்தாளி அல்லர், பங்குதாரர்.

1950 ஏப்ரல் 1 முதல் கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று. 1954 இல் நாடாளுமன்றம் இயற்றிய நூல் வழங்கல் சட்டம் அதற்கு இன்னொரு பெருமையைத் தந்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் தம் செலவில் குறிப்பிட்ட சில நூலகங்களுக்கு அனுப்பவேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை மைய நூலகம், தில்லி பொது நூலகம், கன்னிமாரா ஆகிய நான்கும் இவ்வாறு நூல் பெறுகின்றன. 1956 இல் இதழ்களும் செய்தித்தாள்களும் இச்சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. இந்த எண்ணம் புதிதன்று. 1537 இலேயே பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவா இத்தகைய ஆணையைப் பிறப்பித்திருந்தார். புதுக்கோட்டையில் ஒரு சிறிய அச்சகம் வெளியிடும் கவிதைத் தொகுதியும் இச்சட்டப்படி கன்னிமாராவில் இடம்பெற உரிமையுடையது.

காகிதத்தின் பகைவர்கள்

பழைய நூலைப் புரட்டும்போது தாள் பழுப்பேறி, ஓரம் ஒடிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். நானூறு ஆண்டுக்கு முந்திய சில நூல்கள் நன்றாயிருக்க, நூறு ஆண்டு நூல் நொறுங்குவது ஏன்?

முன்பு காகிதம் பருத்தி, சணல் கந்தல்களிலிருந்து செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழ் புழக்கத்துக்கு வந்தது. மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் உண்டு. அது ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது. அதைவிடப் பெரிய தீங்கு அமிலத்தால் வருகிறது. மை ஊறிப் பரவாமலிருக்கக் காகிதத்தில் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் ஈரத்துடன் சேர்ந்து அமிலத்தைத் தோற்றுவிக்கிறது. காகிதத்துக்கு வலுவூட்டுவது செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி. அமிலம் அச்சங்கிலியைத் துண்டு துண்டாக்குகிறது. தாள் வளையும் தன்மையை இழந்து அப்பளம்போல் ஒடிகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த சென்னைக் கடற்கரைக் காற்று இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. போதாக்குறைக்கு இராமபாணப் பூச்சி, கரப்பான், கறையான், பூஞ்சை!

அமிலத்தை நடுநிலையாக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புக் கரைசல்களால் தாளைப் பக்குவப்படுத்துவது ஒரு தீர்வு. நுண்படச் சுருள் எடுப்பதும் கணிப்பொறிப் படியாக்கமும் வேறு தீர்வுகள். நம் அண்டை ஊரான கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, வாழ்நாளெல்லாம் பழைய தமிழ் நூல்களைச் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. ஆயினும் நூல்கள் நாடு கடக்கவில்லை. அவற்றைக் கொண்டு 1994 இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. அங்கே நூல்கள் நுண்படமாக்கிக் காக்கப்படுகின்றன.

அமிலத்தினும் கொடியது தீ. 1981 ஜூன் முதல் நாள் விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் சாம்பலாகிக் கிடந்தது. வன்முறைக் கும்பல் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. கட்டடத்தைப் பின்னர் மீண்டும் எழுப்பினார்கள். வேறெங்கும் படியில்லாத சுவடியை யார் எழுப்ப முடியும்? ஒரே இடத்தில் ஒரே படி என்பது எத்தனை ஆபத்து என்பதை அந்தச் சாம்பல் உலகுக்கு உணர்த்தியது.

நூலகம் வளர்கிறது

2010 செப்டம்பர் 15 அன்று சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. பார்வையற்றோருக்குப் பிரெயில் பகுதி, சிறுவர் பகுதி, சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போருக்குத் தனிக்கூடம் என்று அது விரிந்தது. 2011 நவம்பரில் அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவு செய்தபோது வாசகர்கள் நீதிமன்றம் சென்றார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நிலைத்தது. வாசகர் பங்குதாரர் என்று முன்பு சொன்னது வெறும் அலங்காரச் சொல் அன்று என்பது இதனால் விளங்கும். 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. புதுக்கோட்டை மாணவர் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவுக்குப் பெரிய நூலகம் வந்துவிட்டது.

நம் மாவட்டமும் வாளாவிருக்கவில்லை. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரிய இணையர் தம் வருவாயைக் கொண்டே உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. பல தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடி ஆய்வாளர்கள் பெருநகரங்களிலிருந்து இங்கே வருகிறார்கள். இரயில் எதிர்த்திசையிலும் ஓடுகிறது!

1991 இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இங்கே அறிவொளி இயக்கம் எழுந்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் மாலையில் விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கற்றார்கள். ஆயிரக் கணக்கானோர் மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். எழுத்தும் மிதிவண்டியும் ஒருங்கே வந்ததில் பொருள் இருக்கிறது. எழுத்து இருக்குமிடத்துக்குப் பிறர் துணையின்றித் தாமே செல்லலாமல்லவா?

மாணவ நண்பர்களே! சென்னை செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் கடற்கரையைப் பார்ப்பதுபோல் கன்னிமாராவையும் பாருங்கள். வெறுங்கையோடு போகவேண்டாம், ஒரு கேள்வியோடு போங்கள். உங்கள் ஊர் ஏரியை வெட்டியது யார், உங்கள் கோயில் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பன போன்ற கேள்விகள் போதும். நூற்பட்டியலில் தேடுங்கள், கிடைக்காவிடில் தயங்காமல் நூலகரிடம் கேளுங்கள். உங்கள் காலத்தை வீணாக்காமல் காப்பது அவருடைய விதி. படித்ததைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஊர் திரும்புங்கள். பிறகு ஒரு நாள் அந்தக் குறிப்பேட்டோடு அந்தக் கல்வெட்டின் முன் போய் நில்லுங்கள். இதுவரை ஊமையாய் நின்ற கல் உங்களிடம் பேசும்.